ஒரு வரிக்காகத் தெருவில் இறங்கிய திபிலிசி

1978 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியின் ருஸ்தாவேலி பெருஞ்சாலையில் உள்ள அரசு இல்லத்துக்குள் குடியரசின் நாடாளுமன்றமான உச்ச சோவியத் கூடியிருந்தது. புதிய அரசியல் சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய கூட்டம் அது. மாஸ்கோவில் முடிவானதற்கு இங்கே கைதூக்கிச் சம்மதம் சொல்வதுதான் வழக்கம். அன்றைக்கு வெளியே ஆயிரக்கணக்கில் மாணவர்கள் நின்றார்கள். சம்பளம், விலைவாசி, பிரிவினை எதுவும் அவர்கள் கோரிக்கையில் இல்லை. பழைய சட்டத்தில் இருந்த ஒரு வரி புதிய சட்டத்தின் வரைவில் காணாமல் போயிருந்தது. அதைத் திரும்ப வைக்கச் சொல்லி வந்திருந்தார்கள். "ஜார்ஜிய சோவியத் சோஷலிசக் குடியரசின் ஆட்சிமொழி ஜார்ஜிய மொழி." அவ்வளவுதான் வரி.

சாயங்காலத்துக்குள் அந்த வரி சட்டத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. யாரும் சுடப்படவில்லை. சோவியத் வரலாற்றில் தெருவில் நின்ற கூட்டம் கேட்டதை அரசு அன்றே கொடுத்த சந்தர்ப்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இது ஏன் நடந்தது, எப்படி நடந்தது, இதன் விலை என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கம்யூனிச ஆட்சியில் ஜார்ஜியர்கள் தங்கள் அடையாளத்தை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: தேவாலயம், பல குரல் பாட்டு, திராட்சை மது, நீண்ட விருந்து மேசை. அரசு ஒரு பக்கம் அழிக்க, மக்கள் மறுபக்கம் வீட்டுக்குள் ஒளித்துக் காத்தார்கள் என்பது அந்தக் கதை. அதில் உண்மை உண்டு, ஆனால் பாதி உண்மை. 1978 இல் தெருவுக்கு வந்த பிள்ளைகள் சோவியத் பள்ளியில் ஜார்ஜிய மொழியில் படித்தவர்கள். சோவியத் கடவுச்சீட்டில் 'ஜார்ஜியர்' என்று எழுதப்பட்டவர்கள். அவர்கள் காக்க வந்த வரியே ஒரு சோவியத் சட்டத்தின் வரிதான். அந்த அரசே கட்டிக் கொடுத்த வீட்டுக்குள் இருந்துகொண்டுதான் அவர்கள் அந்த அரசை எதிர்த்தார்கள். இந்த நிகழ்வில் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது இந்த முடிச்சுதான்.

வீடு எப்படிக் கட்டப்பட்டது

ரஷ்யப் பேரரசு உடைந்தபோது, 1918 மே 26 அன்று, ஜார்ஜியா சுதந்திரத்தை அறிவித்தது. மிதவாத சோஷலிஸ்டுகளான மென்ஷெவிக்குகள் நடத்திய அந்தக் குடியரசு மூன்றாண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1921 பிப்ரவரி 25 அன்று செஞ்சேனை திபிலிசிக்குள் நுழைந்தது. நுழைய வழி செய்தவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு ஜார்ஜியர்கள்: ஸ்டாலின், செர்கோ ஓர்ஜோனிக்கிட்ஸே.

அடுத்த ஆண்டே சண்டை கம்யூனிஸ்ட் கட்சிக்குள் வந்தது. ஜார்ஜியாவைத் தனிக் குடியரசாகவே ஒன்றியத்தில் சேர்க்க வேண்டும் என்று பூது ம்திவானி போன்ற உள்ளூர் போல்ஷெவிக்குகள் கேட்டார்கள். அர்மீனியா, அஜர்பைஜானோடு சேர்த்து ஒரே கூட்டாட்சியாகக் கட்டவேண்டும் என்றார் ஸ்டாலின். வாக்குவாதத்தில் ஓர்ஜோனிக்கிட்ஸே எதிரணிக்காரர் ஒருவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். படுக்கையில் கிடந்த லெனின் 1922 டிசம்பரின் கடைசி இரண்டு நாளில் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட குறிப்புகளில், இந்த அறையைத் தொட்டு, பெரிய இனத்தின் அதிகாரச் செருக்கைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் ஸ்டாலின் நினைத்ததே நடந்தது. 1936 வரை ஜார்ஜியா அந்தக் கூட்டாட்சிக்குள்தான் இருந்தது. 1924 ஆகஸ்டில் எழுந்த கிளர்ச்சி ரத்தத்தில் அடக்கப்பட்டது.

இந்தப் பக்கம் துப்பாக்கி பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் கட்டப்பட்டது. 1920களின் சோவியத் கொள்கை உள்ளூர் ஆட்களையும் உள்ளூர் மொழியையும் முன்னுக்குக் கொண்டுவருவது. 'வடிவத்தில் தேசியம், உள்ளடக்கத்தில் சோஷலிசம்' என்று அதற்கு ஒரு சூத்திரமும் இருந்தது. 1918 இல் இவானே ஜவாகிஷ்விலியும் அவர் தோழர்களும் தொடங்கிய திபிலிசி பல்கலைக்கழகம் மூடப்படவில்லை, வளர்ந்தது. எழுத்தறிவு ஜார்ஜிய எழுத்திலேயே பரவியது. 1941 இல் தனி அறிவியல் கழகம் வந்தது. நாடக அரங்கு, ஓபரா, திரைப்படக் கூடம், அகராதி, கலைக்களஞ்சியம் என்று ஒரு தேசத்துக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் அரசுச் செலவில் வந்தன. சோவியத் ஒன்றியத்தின் பல மொழிகள் முதலில் லத்தீன் எழுத்துக்கும், பிறகு ரஷ்ய எழுத்துக்கும் இழுத்துச் செல்லப்பட்டபோது, ஜார்ஜியத்தின் 33 எழுத்தும் அர்மீனியத்தின் தனி எழுத்தும் தொடப்படாமல் நின்றன.

அந்த எழுத்து ஒரு ஜார்ஜியக் குழந்தையின் கைக்கு எப்படிப் போகிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். யாக்கோப் கோகெபாஷ்விலி 1876 இல் ஓர் அரிச்சுவடி போட்டார். பெயர் 'தேதா ஏனா', அதாவது தாய்மொழி. அதன் முதல் பாடத்துக்கு இரண்டே எழுத்து போதும்: 'ஆ' ஒலிக்கு ஒன்று, 'இ' ஒலிக்கு ஒன்று. அந்த இரண்டையும் வைத்து ஒரு முழு வாக்கியம் வந்துவிடுகிறது: 'ஆய் இயா'. 'இதோ ஊதாப்பூ' என்று பொருள். பள்ளிக்கு வந்த முதல் நாளே பிள்ளை எழுத்தை மட்டும் படிப்பதில்லை, ஒரு பூவையும் பார்த்துவிடுகிறது. ஆட்சி மாறியும் அரிச்சுவடிக்குத் 'தாய்மொழி' என்ற பெயர் மாறவில்லை. ஜார்ஜியத்தில் 'தேதா' என்றால் அம்மா. ('மாமா' என்றால் அப்பா, முதன்முதல் கேட்கிற நமக்குத் தலை சுற்றும்.) தலைநகருக்கு அவர்கள் வைத்த சொல் 'தாய்நகர்'. பூமி 'தாய்மண்'. ஒரு கட்டுரையின் மையக் கருத்து 'தாய்க்கருத்து'. எது முதன்மையானதோ அதற்கு முன்னால் அம்மாவை வைத்துவிடும் மொழி அது. அதைச் சட்டத்தில் சற்று இறக்கி வைத்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்தவர்கள் இந்தச் சொற்களையாவது ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

வீடு கட்டியவன் வீட்டுக்காரர்களைச் சும்மா விட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1937 இல் ஜார்ஜியாவின் பழம்பெரும் கவிஞர் ருஸ்தாவேலியின் காவியத்துக்கு 750 ஆண்டு நிறைவு விழா ஒன்றியம் முழுக்கக் கொண்டாடப்பட்டது. அதே 1937 இல் நாவலாசிரியர் மிகேய்ல் ஜவாகிஷ்விலி சுட்டுக் கொல்லப்பட்டார். கவிஞர் பாவ்லோ யாஷ்விலி எழுத்தாளர் சங்கக் கட்டடத்துக்குள்ளேயே தன்னைச் சுட்டுக்கொண்டார். அவருடைய நண்பர் திட்சியான் தபிட்ஸே டிசம்பரில் கொல்லப்பட்டார். எண்ணூறு ஆண்டுப் பழைய கவிஞனுக்குச் சிலை, உயிரோடு இருக்கும் கவிஞனுக்குத் தோட்டா. ஜார்ஜியாவில் இதை முன்னின்று நடத்தியவர் அப்போது அங்கே கட்சித் தலைவராக இருந்த லவ்ரென்தி பெரியா. அவரும் ஜார்ஜியாவிலிருந்து வந்தவர்தான்.

அதே கொடூர ஆண்டில், 1937 இல், எழுதப்பட்ட குடியரசின் அரசியல் சட்டத்தில்தான் ஜார்ஜியம் ஆட்சிமொழி என்ற அந்த வரி இருந்தது. அதற்கு முந்தைய 1922 சட்டத்திலும் இருந்தது. காகசஸின் மூன்று குடியரசுகளுக்கு மட்டும் இப்படி ஒரு வரி இருந்தது; மற்ற குடியரசுகளுக்கு இல்லை.

வீட்டுக்குள் சேர்க்கப்பட்டவர்கள்

'ஜார்ஜியர்' என்ற பெட்டியின் அளவையும் அரசுதான் தீர்மானித்தது. 1926 கணக்கெடுப்பில் மேற்கு ஜார்ஜியாவில் வாழும் மிங்ரேலியர், ஸ்வான், அஜாரியர் எல்லாம் தனித்தனியாக எண்ணப்பட்டார்கள். 1939 கணக்கெடுப்பில் மூவரும் ஜார்ஜியர்களாகிவிட்டார்கள். மிங்ரேலியமும் ஸ்வானும் ஜார்ஜியத்தின் உறவு மொழிகள். ஆனால் ஜார்ஜியம் மட்டும் தெரிந்த ஒருவருக்கு அவை புரியாது. அவை வீட்டு மொழிகளாகத் தங்கின, பள்ளி மொழி ஜார்ஜியமாயிற்று. 1944 நவம்பரில் தெற்கு எல்லையிலிருந்த மெஸ்கெத்தியாவின் முஸ்லிம்கள் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் சரக்கு ரயிலில் ஏற்றப்பட்டு மத்திய ஆசியாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அப்காசியர்களின் கதைதான் இந்த நிகழ்வோடு நேராக வந்து முட்டும். கருங்கடல் கரையில் இருக்கும் அப்காசியா அப்போது ஜார்ஜியாவுக்குள் ஒரு தன்னாட்சிக் குடியரசு. அவர்கள் மொழி ஜார்ஜியத்துக்கு உறவே இல்லாத வேறு குடும்பம். 1938 இல் அப்காசிய மொழிக்கு ஜார்ஜிய எழுத்து திணிக்கப்பட்டது. 1940களின் நடுவில் அப்காசியப் பள்ளிகள் மூடப்பட்டு ஜார்ஜிய வழிப் பள்ளிகளாக்கப்பட்டன. ஸ்டாலின் செத்த பிறகு, 1954 இல், எழுத்து ரஷ்ய எழுத்தாக மாறியது. பள்ளிகள் திரும்ப வந்தன. இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளை அப்காசியர்கள் மறக்கவில்லை. ஜார்ஜியர்கள் பலருக்கு அது நினைவிலேயே இல்லை. பின்னால் வந்த வினை பாதிக்கு மேல் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மார்ச் 1956: ருஸ்தாவேலி சாலையின் முதல் ரத்தம்

1956 பிப்ரவரி கடைசியில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் கட்சியின் 20-ஆவது மாநாட்டில் ஸ்டாலினை ரகசியமாகத் தோலுரித்தார். மார்ச் 5 ஸ்டாலினின் நினைவு நாள். திபிலிசியில் இளைஞர்கள் அவர் சிலைக்குப் பூ வைக்கக் கூடினார்கள். கொடுங்கோலனுக்கா கூட்டம் என்று இன்று நமக்குத் தோன்றும். அங்கே கூடியவர்களில் பலருக்கு அவர் 'எங்கள் ஆள்'. மாஸ்கோ அவரைத் திட்டும்போது தங்களைத் திட்டுவதாகப் பட்டது. நாளுக்கு நாள் கூட்டம் பெருத்தது, கோஷம் மாறியது, சுதந்திரம் என்ற சொல்லும் காதில் விழத் தொடங்கியது. மார்ச் 9 இரவு ருஸ்தாவேலி சாலையின் தகவல் தொடர்பு மாளிகை அருகே ராணுவம் சுட்டது. செத்தவர் தொகை கணக்குக்குக் கணக்கு மாறும். பலருக்கும் வயது இருபதைச் சுற்றித்தான்.

அந்த ஆண்டு கைதானவர்களில் ஸ்வியாத் கம்சகுர்தியா, மெராப் கொஸ்தாவா என்ற இரண்டு பள்ளி மாணவர்களும் உண்டு. 1977 ஜனவரியில் மனித உரிமைகளைக் கண்காணிக்க ஜார்ஜிய ஹெல்சிங்கி குழுவைத் தொடங்கிய இருவரும் இவர்களே. அந்த ஏப்ரலில் மறுபடி கைதானார்கள். ஆகவே 1978 இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது பெயர் பெற்ற எதிர்ப்பாளர்கள் சிறையில் இருந்தார்கள். இது தலைவர்கள் தூண்டிவிட்ட கூட்டம் இல்லை என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

இந்த 1956 இன் நிழல் 1978 இல் எல்லோர் மேலும் விழுந்திருந்தது. அரசு இல்லத்தின் வாசலிலிருந்து பார்த்தால், சுட்ட இடம் அதே சாலையில், நடந்து போகும் தூரத்தில்.

வரைவு வந்தது

1972 இல் ஜார்ஜியக் கட்சியின் முதல் செயலாளரானவர் எடுவார்ட் ஷெவர்ட்நாட்ஸே. அதற்கு முன் உள்துறை அமைச்சர். அவருக்கு முந்தைய வாசில் ம்ஜவனாட்ஸே காலத்தில் லஞ்சமும் கள்ளச்சந்தையும் தலைவிரித்து ஆடின. ஷெவர்ட்நாட்ஸே வந்ததும் பெரும் களையெடுப்பு. மாஸ்கோவுக்கு அவர் மேல் நம்பிக்கை. உள்ளூரில் பயம் கலந்த மரியாதை.

1970களில் ரஷ்ய மொழிக்கு மாஸ்கோ முட்டுக்கொடுப்பது கூடிக்கொண்டே வந்தது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் ரஷ்யத்தில் வரவேண்டும் என்ற விதி வந்தது. உயர்கல்விப் பாடங்களை ரஷ்யத்துக்கு நகர்த்தும் பேச்சும் வந்தது. 1976 ஏப்ரலில் ஜார்ஜிய எழுத்தாளர் மாநாட்டில் ரேவாஸ் ஜாபரிட்ஸே எழுந்து இதை வெளிப்படையாகத் தாக்கிப் பேசினார்; அவைக்குள் நீண்ட கைதட்டல். இத்தனைக்கும் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் ஜார்ஜியத்துக்கு உடனடி ஆபத்து ஏதும் தெரியாது. 1979 கணக்கெடுப்பில் ஒன்றியத்தின் ஜார்ஜியர்களில் 98 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜார்ஜியமே தாய்மொழி என்றார்கள். ரஷ்யம் சரளமாகத் தெரியும் என்றவர்கள் கால்வாசிப் பேர் அளவில்தான். அப்படியானால் ஏன் இவ்வளவு கொதிப்பு?

வீட்டில் பேசும் மொழிக்கு யாரும் குறுக்கே வரவில்லை. பயம் மேல்மாடியைப் பற்றியது: பல்கலைக்கழகம், ஆய்வகம், நீதிமன்றம், அலுவலகக் கோப்பு. ஒரு மொழி அங்கிருந்து இறங்கிவிட்டால் சமையலறையில் எத்தனை காலம் இருந்தாலும் அது வேறு மொழிதான் என்பது படித்த ஜார்ஜியர்களுக்குத் தெரிந்திருந்தது. மிங்ரேலியத்துக்கு அதுதான் நடந்தது. யார் செய்து நடந்தது என்பதை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை.

1977 அக்டோபர் 7 அன்று பிரஷ்நேவின் புதிய ஒன்றிய அரசியல் சட்டம் வந்தது. அதற்கு ஏற்றபடி ஒவ்வொரு குடியரசும் தன் சட்டத்தைத் திருத்தி எழுத வேண்டும். 1978 வசந்தத்தில் ஜார்ஜிய வரைவு நாளிதழ்களில் வெளியானது. சரி, இப்போது மொழியைப் பற்றிய அதன் 75-ஆவது பிரிவைப் பழைய சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் படிப்போம். பழைய சட்டம் ஜார்ஜியம் ஆட்சிமொழி என்று அறிவிக்கிறது. வரைவோ, அரசு, பொது, பண்பாட்டு நிறுவனங்களில் ஜார்ஜியத்தின் பயன்பாட்டைக் குடியரசு உறுதி செய்யும், அதன் வளர்ச்சியில் அக்கறை காட்டும் என்கிறது. அந்த நிறுவனங்கள் எல்லாவற்றிலும் ரஷ்யத்தையும் மற்ற மொழிகளையும் சமமாகத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்கிறது. எந்த மொழிக்கும் சலுகையும் இல்லை, தடையும் இல்லை என்று முடிக்கிறது.

மேலோட்டமாகப் படித்தால் நியாயமாகவே இருக்கும். எல்லா மொழியும் சமம் என்றால் யாருக்கு என்ன கசப்பு? சிக்கல் எங்கே என்றால், ஒன்றியம் முழுக்க ராணுவம், ரயில்வே, ஆலை நிர்வாகம், அறிவியல் எல்லாம் ஏற்கெனவே ரஷ்யத்தில் ஓடுகின்றன. அப்படிப்பட்ட மொழியோடு ஐம்பது லட்சம் பேர் வாழும் ஒரு சின்னக் குடியரசின் மொழியைச் சமமாக நிறுத்துவது ஆற்றோடு வாய்க்காலைச் சமமாக விடுவது போல. 'உறுதி செய்யும்', 'அக்கறை காட்டும்' என்ற சொற்களில் தயவு இருக்கிறது; உரிமை இல்லை. 'ஆட்சிமொழி' என்ற ஒற்றைச் சொல்லில் உரிமை இருந்தது. படித்த பிள்ளைகள் இந்த வித்தியாசத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

சோவியத் வழக்கப்படி வரைவு 'மக்கள் விவாதத்துக்கு' விடப்பட்டது. ஆலைகளிலும் நிறுவனங்களிலும் கூட்டம் போட்டு, நல்லது என்று சொல்லிக் கலைவதற்கான சடங்கு அது. இம்முறை மக்கள் உண்மையிலேயே விவாதித்தார்கள். கடிதங்கள் குவிந்தன. எழுந்த குரல்களில் மிகப் பெரியது அகாகி ஷனிட்ஸேயுடையது. ஜார்ஜிய இலக்கணத்தின் பேராசான். அப்போது வயது 91. திபிலிசி பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவர். அந்தப் பல்கலைக்கழகத்தில் முதல் முனைவர் பட்ட ஆய்வேட்டை 1920 இல் எடுத்துவைத்து வென்றவரும் அவரே. ஆய்வேடு ரஷ்யத்தில் வரவேண்டும் என்ற விதி வந்த காலத்தில் அப்படி ஒருவர் எழுந்து, ஆட்சிமொழி வரி இருக்கவேண்டும் என்று சொன்னால், அவரைத் தேசியவாதி என்று முத்திரை குத்தி உட்காரவைக்க எந்த அதிகாரிக்கும் வாய் வராது.

அந்த வெள்ளிக்கிழமை

சாவ்சவாட்ஸே சாலையில் இருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து அரசு இல்லம் நடந்தால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். உச்ச சோவியத் கூடும் நாளில் ஊர்வலம் போவது என்று செய்தி வாய்வழியாகப் பரவியிருந்தது. அதிகாரிகளுக்கும் தெரியும். பல்கலைக்கழக வளாகத்திலேயே மாணவர்களை நிறுத்திப் பேசிப் பார்த்தார்கள், பிறகு மிலிட்சியா என்ற சோவியத் போலீஸ் வழியை மறித்தது. மறித்த இடத்தில் பலர் நின்றுவிட, மற்றவர்கள் சுற்றி வளைத்தும் நெருக்கிக்கொண்டும் ருஸ்தாவேலி சாலையை எட்டினார்கள். அரசு இல்லத்தின் முன் சேர்ந்தவர்கள் 5,000 பேர் என்று அன்றைய வெளிநாட்டுச் செய்திகள் சொல்லின. அதைவிட மிகப் பெரிய எண்களைச் சொல்கிறவர்களும் உண்டு.

அவர்கள் எதை உடைத்தார்கள் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. தாய்மொழி என்று கூவினார்கள், கவிதை சொன்னார்கள். அவர்கள் கேட்டது சோவியத் சட்டத்துக்குள்ளேயே ஏற்கெனவே இருந்த ஒன்று. இதுதான் அவர்களுக்குக் கவசம். சோவியத் எதிர்ப்புப் பிரசாரம் என்று குற்றம் சாட்டவேண்டும் என்றால் 1937 சட்டத்தையே சோவியத் எதிர்ப்பு என்று சொல்லவேண்டி வரும்.

உள்ளே ஷெவர்ட்நாட்ஸேக்கு இரண்டு பக்கமும் இடி. வரியை எடுக்கச் சொன்னது மாஸ்கோ. கூட்டம் கலையாவிட்டால் படையை விடவேண்டும். விட்டால் இன்னொரு மார்ச் 9. அவர் மாஸ்கோவைத் தொடர்புகொண்டார். வெளியே வந்து கூட்டத்தின் முன் நின்று பேசினார். பழைய வரியை அப்படியே வைக்கப் பரிந்துரைத்திருக்கிறேன் என்று சொன்னார். கூட்டம் உடனே கலைந்துவிடவில்லை. வாக்குறுதி சட்டமாகிறதா என்று காத்து நின்றது. உள்ளே அவர் ஆற்றிய உரை ஒலிபெருக்கி வழியாக வெளியே கேட்டது. 75-ஆவது பிரிவு திருத்தப்பட்டு, ஜார்ஜியம் ஆட்சிமொழி என்றே தொடங்கியது. மறுநாள், ஏப்ரல் 15 தேதியிட்டு, அரசியல் சட்டம் நிறைவேறியது.

அதே வாரம் அர்மீனியாவின் சட்டத்திலும் அந்த வரி நிலைத்தது. அஜர்பைஜானிலும் அப்படியே. திபிலிசியின் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்தே நின்றிருக்கிறார்கள்.

ஏன் விட்டுக்கொடுத்தார்கள்

மாஸ்கோ பயந்துவிட்டது என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. மூன்று குடியரசுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு வரி, நடைமுறையில் பெரிதாக எதையும் மாற்றாத வரி என்றுதான் அங்கே கணக்குப் போட்டிருக்க வேண்டும். விட்டுக்கொடுப்பது மலிவு, சுடுவது விலை அதிகம். அதுவும் மனித உரிமைகளை மதிப்பதாக ஹெல்சிங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மூன்று ஆண்டுகூட ஆகாத நேரம்.

ஆனால் அந்தக் கணக்கை மாஸ்கோவுக்குப் போட்டுக் காட்டியவர் ஷெவர்ட்நாட்ஸே. கலையச் சொல்லிக் கட்டளையிட்டுவிட்டு உள்ளேயே இருந்திருக்கலாம், வெளியே வந்தார். அவர் வாழ்க்கையில் குறைசொல்ல நிறைய உண்டு, உள்துறை அமைச்சராக இருந்த காலம் உட்பட. அந்த ஒரு நாளில் அவர் செய்தது சரி என்று நான் மனசாரச் சொல்வேன். மாஸ்கோவும் அவரைத் தண்டிக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவின் மாற்று உறுப்பினராக உயர்த்தியது.

விட்டுக்கொடுத்த கை சும்மாவும் இருக்கவில்லை. மே மாதம் கம்சகுர்தியாவுக்கும் கொஸ்தாவாவுக்கும் விசாரணை நடந்தது. கம்சகுர்தியா தொலைக்காட்சியில் வருத்தம் தெரிவித்தார், கொஸ்தாவா மறுத்தார். முன்னவர் விரைவில் வெளியே வந்தார், பின்னவர் 1987 வரை சிறையிலும் நாடுகடத்தலிலும் கழித்தார். அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை குடியரசுகளில் ரஷ்ய மொழிக் கல்வியை வலுப்படுத்த ஆணை பிறப்பித்தது. வாசல் வழியாக வெளியேறியது ஜன்னல் வழியாக வந்தது. அதை எதிர்த்துத் திபிலிசியில் கடிதங்களும் கூட்டங்களும் தொடர்ந்தன. 1981 இல் மாணவர்கள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள்.

சுகுமியில் அதே வசந்தம்

திபிலிசி தன் வரியைக் கொண்டாடிக்கொண்டிருந்த வாரங்களில், அப்காசியத் தலைநகர் சுகுமி கொதித்துக்கொண்டிருந்தது. 1977 டிசம்பரிலேயே 130 அப்காசிய அறிவாளர்கள் மாஸ்கோவுக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். குற்றச்சாட்டு: எங்கள் மொழியையும் பண்பாட்டையும் ஜார்ஜியர்கள் நசுக்குகிறார்கள். கோரிக்கை: எங்களை ஜார்ஜியாவிலிருந்து எடுத்து ரஷ்யக் குடியரசோடு சேருங்கள். 1978 மே மாதம் அங்கேயும் மக்கள் கூடினார்கள். மாஸ்கோவிலிருந்து கட்சியின் மத்தியக் குழுச் செயலாளர் இவான் கபித்தோனோவ் வந்து, பிரிவதற்கு இடமில்லை என்று சொன்னார். பதிலுக்கு சில சலுகைகள் கிடைத்தன: சுகுமியில் தனிப் பல்கலைக்கழகம், அப்காசிய மொழியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு, அப்காசியாவின் சட்டத்தில் அப்காசியம், ஜார்ஜியம், ரஷ்யம் மூன்றும் ஆட்சிமொழிகள்.

1979 கணக்குப்படி அப்காசியாவில் அப்காசியர்கள் 17 சதவீதம், ஜார்ஜியர்கள் 44 சதவீதம் அளவில். இந்த எண்ணை ஜார்ஜியர் ஒருவர் படித்தால், 17 பேருக்கு இவ்வளவு சலுகையா என்று தோன்றும். அப்காசியர் ஒருவர் படித்தால், சொந்த மண்ணில் நாம் ஆறில் ஒன்றாகிவிட்டோமே என்று நெஞ்சு பதறும். ஒன்றியத்துக்குள் ஜார்ஜியர்களின் நிலையும் இதே மாதிரிதான். அவர்கள் ரஷ்யத்தைப் பார்த்து அஞ்சியது இதே அச்சம். ஏப்ரலில் அவ்வளவு கூர்மையாக ஒரு சட்ட வரியைப் படித்த நகரத்தால் அப்காசியர்களின் கடிதத்தை அதே கண்ணோடு படிக்க முடியவில்லை. இந்த ஆய்வில் எனக்கு வலிக்கும் இடம் இதுதான். அப்காசியர்களை மாஸ்கோ தூண்டிவிடுகிறது என்று விளக்கம் சொல்வது சுலபமாக இருந்தது. தங்களைப் பற்றியும் மாஸ்கோ இதையேதான் சொல்லியிருக்கும், யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்று.

பின்னால் வந்தவை

1989 ஏப்ரல் 9 விடியற்காலை, அதே அரசு இல்லத்தின் முன், அதே சாலையில் கூடியிருந்தவர்கள் மேல் ராணுவம் கூர்மையான மண்வெட்டிகளோடும் வாயுவோடும் பாய்ந்தது. இருபது பேர் அளவில் செத்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அந்தக் கூட்டம் தொடங்கியதே அப்காசியாவின் பிரிவினைக் கோரிக்கையை எதிர்த்துத்தான். முடியும்போது அது சுதந்திரக் கோரிக்கையாகியிருந்தது. அந்த ஆகஸ்டில் ஜார்ஜிய மொழிக்கான அரசுத் திட்டம் வந்தது. சிறுபான்மைப் பகுதிகளில் அது அச்சத்தைக் கிளப்பியது. 1990 இலிருந்து ஏப்ரல் 14 தாய்மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1991 ஏப்ரல் 9 அன்று சுதந்திரப் பிரகடனம். பிரகடனம் செய்த அரசுக்குத் தலைவர் கம்சகுர்தியா. கொஸ்தாவா அதைப் பார்க்கவில்லை. 1989 அக்டோபரில் கார் விபத்தில் போய்விட்டார்.

1992 ஆகஸ்டில் அப்காசியாவில் போர் மூண்டது. அப்போது ஜார்ஜியாவின் தலைமையில் மறுபடி ஷெவர்ட்நாட்ஸே. அந்த அக்டோபரில், சுகுமி ஜார்ஜியப் படைகளின் கையில் இருந்தபோது, அப்காசிய மொழி, வரலாற்று ஆய்வு நிறுவனமும் அரசு ஆவணக் காப்பகமும் எரிந்து சாம்பலாயின. அடுத்த செப்டம்பரில் சுகுமி விழுந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜார்ஜியர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். பெரும்பாலோர் இன்னும் திரும்பவில்லை.

1995 இல் சுதந்திர ஜார்ஜியா தனக்கு ஓர் அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. அதன் 8-ஆவது பிரிவு அந்தப் பழைய வரியோடு தொடங்கியது. இம்முறை அதில் இன்னும் சில சொற்கள் சேர்ந்திருந்தன. ஜார்ஜியாவின் ஆட்சிமொழி ஜார்ஜியம், அப்காசியாவில் அப்காசியமும். அந்த வரி எழுதப்பட்டபோது சுகுமியில் அதைச் செயல்படுத்த ஜார்ஜிய அலுவலகம் ஒன்றுகூட இல்லை.